இரண்டு கூற்றும் தனித்தனியே தோற்றால்?

கேள்வி: வணிக முகாமைத்துவப் பட்டமேற்படிப்பு அனுமதிக்கான ஜீமேட் (GMAT) பரீட்சைக்கு நான் தயாராகி வருகிறேன். தரப்பட்ட கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் தரவுப் போதுமை வகையில், ‘ஓர் எண் நிறைவெண்ணா (பின்னமில்லாத முழு எண்ணா)?’ என்ற வினாவுக்கு, ‘அதன் வர்க்கம் நிறைவெண்’, ‘அதன் மும்மடங்கு நிறைவெண்’ என இரு கூற்றுகள் தரப்பட்டிருந்தன. முதலாவதை √2 உம் இரண்டாவதை 1/3 உம் முறியடிப்பதால், இரண்டும் சேர்ந்தும் போதாதென்றே எனக்குப் படுகிறது. விடையோ போதும் என்கிறது. எப்படி?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: தனித்தனியே சோதித்தவரை உங்கள் வழி சரியே. ஆனால் கூற்றுகளைச் சேர்க்கும்போது ஒரே எண் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். √2 இன் மும்மடங்கு நிறைவெண் அன்று. 1/3 இன் வர்க்கமோ 1/9. ஆகவே நீங்கள் காட்டிய இரண்டு எண்களும் விலகிவிடுகின்றன.

எதிருதாரணம் அகப்படவில்லை என்பதற்காக மட்டும் ‘போதும்’ எனக் குறித்துவிடவும் கூடாது, காரணம் வேண்டும். மும்மடங்கை ‘ம’ என்று கொண்டால் எண் ம/3, அதன் வர்க்கம் ம²/9. இது நிறைவெண்ணாக வேண்டுமானால் ம² ஒன்பதால் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படியாயின் ம மூன்றால் வகுபட்டே தீரும் என்பதால், ம/3 நிறைவெண்ணாகிவிடுகிறது.

இருமடங்கும் மும்மடங்கும் நிறைவெண்கள் என்று தந்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாலே அந்த எண் வந்துவிடும். இருமடங்கும் நான்மடங்கும் என்றால் கதை வேறு: இரண்டாவது கூற்று முதலாவதிலேயே அடங்கிவிடுவதால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை, 1/2 தடையின்றி நுழைந்துவிடும்.

தரவுப் போதுமை வினாக்கள், 2023 இல் அறிமுகமான பரீட்சையின் புதிய வடிவத்தில், 45 நிமிடங்களில் 20 வினாக்கள் கொண்ட டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளன. வசனக் கணக்குகளில் சொல்லாமலே ஒளிந்திருக்கும் நிறைவெண்ணைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கே நான் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஒருவர் 400 ரூபாய்ச் சிறிய தயிர்ச் சட்டிகளும் 700 ரூபாய்ப் பெரிய சட்டிகளும் வாங்குகிறார், பெரியவை எத்தனை? மொத்த விலை 3,000 ரூபாய் என்பது முதற்கூற்று, மொத்தம் ஆறு சட்டிகள் என்பது இரண்டாவது. தெரியாதவை இரண்டு, எனவே சமன்பாடும் இரண்டு வேண்டும் என்று பலர் அவசரப்பட்டு இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். அரைச் சட்டித் தயிரை யாரும் விற்பதில்லை. பெரியவற்றை 0, 1, 2, 3, 4 என வைத்துப் பார்த்தால், மீதித் தொகை 400 ஆல் சரியாக வகுபடுவது 2 க்கு மட்டுமே என்பதால், முதற்கூற்று தனியாகவே போதும்.