தோட்டக் காணியில் வீட்டுத்திட்டம் வந்தால் தொல்லியல் ஆட்கள் ஏன் நிற்கிறார்கள்?

கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட, அதாவது நம் யாழ்ப்பாணக் கணக்கில் கிட்டத்தட்ட 10 பரப்புக்கு மேலான அபிவிருத்திக்குத் தொல்லியல் மதிப்பீடு வேண்டும் என்கிறது இலங்கை அரசின் 2000ஆம் ஆண்டு வர்த்தமானி. பழங்காலக் குடியிருப்பு இருந்த கந்தரோடைப் பக்கம் என்றால் காரணம் கேட்கவே தேவையில்லை. ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில் எழுத்துப் பொறித்த முத்திரையே கிடைத்தது.

மேல்மண்ணை ஜேசிபி வழிக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். பல் இல்லாத வாளியால், மெல்லிய படையாக வழிப்பதுதான் நல்லது. செம்மண்ணுக்குள் கருமையான திட்டு, பழைய கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடு, எலும்பு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்தி, அளந்து, படமெடுத்துப் பதிவார்கள். ஒன்றுமில்லையா, சரி, அத்திவாரம் வெட்டலாம்.

காணி பறிபோகும் என்று பயந்து ஓடுகளை இரவோடிரவாக அள்ளிக் கொட்டுபவர்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம்.