தடைக்காலமும் கரண்ட் பில்லும்: சார்ஜரை விடுங்கள், செட்டாப் பாக்ஸைக் கவனியுங்கள்

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வருமானம் நின்றுவிடும். போன வருடம் அந்த இரண்டு மாதத்துக்கு ரீடிங் 520 யூனிட். சார்ஜர், டிவி எல்லாம் பிளக்கில் சொருகியே கிடப்பதுதான் காரணம் என்கிறார் மாமியார். கழற்றி வைத்தால் பணம் மிஞ்சுமா?

பதில்: மிஞ்சும் சகோதரி, ஆனால் எதைக் கழற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. போன் மாட்டாமல் தொங்கும் சார்ஜர் இரண்டு மாதம் முழுக்கத் தொங்கினாலும் அரை யூனிட்கூட வராது, அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். ரிமோட்டில் அணைத்த எல்இடி டிவியும் அப்படித்தான், சொற்பம். செட்டாப் பாக்ஸ்தான் ஆள். ரிமோட்டில் அணைத்தால் விளக்கின் நிறம் மாறுமே தவிர பல பெட்டிகள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி அதன் மேல் கை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும்.

ஒரு வாட் இரவும் பகலுமாக 60 நாள் ஓடினால் 1.44 யூனிட். 10 வாட் பெட்டியை, டிவி பார்க்கும் ஆறு மணி நேரம் போக மீதி நேரம் சுவர் ஸ்விட்ச்சிலேயே அணைத்தால் 10 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஹோம் தியேட்டர், ஏசி போடாதபோதும் ஓடும் ஸ்டெபிலைசர், இவை 5 வாட் இழுத்தால் தலைக்கு 7 யூனிட். வைஃபை பெட்டியை ராத்திரி மட்டும் அணைத்தால் மூன்று நான்கு.

எல்லாம் சேர்ந்தால் 25 யூனிட்டுக்கு மேல் வரும். அற்பமாகத் தோன்றும், ஆனால் நீங்கள் நிற்பது 520-ல். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய 20 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் யூனிட்டுகளுக்குக் கீழ்ப்படியில் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். அதனால் இந்த 25 யூனிட்டை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

அப்புறம், தடைக்காலத்தில் எல்லோரும் பகலிலும் வீட்டில் இருப்பார்கள். 75 வாட் பழைய ஃபேன் தினமும் 20 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் அது ஒன்றே 90 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 36. அதற்காகக் கையில் காசில்லாத நேரத்தில் தவணையில் வாங்காதீர்கள், படகு இறங்கி மீன்பாடு கண்டதும் முதலில் ஒன்று வாங்குங்கள், ராத்திரி முழுக்க ஓடும் அறைக்கு.

பிளக்கைத் தினமும் பிடுங்க வேண்டாம், ஸ்விட்ச் போதும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் சாக்கெட் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். எங்காவது கருகிய தடம் தெரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை உடனே மாற்றிவிடுங்கள், அந்தச் செலவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.