ஆற்றங்கரைப் பாதைக்கு எந்த சைக்கிள்?

கேள்வி: மிசௌரி ஆற்றங்கரையில் செல்லும் கேட்டி சைக்கிள் பாதையில் இரண்டு நாள் பயணம் போக எண்ணியிருக்கிறேன். மெல்லிய டயர் சைக்கிள் போதுமா, சரளைப் பாதைக்கேற்ற அகலமான டயர் கொண்ட கிராவல் சைக்கிள்தான் வேண்டுமா?
– வாசகர், செயின்ட் லூயிஸ்

பதில்: உலர்ந்த நாளில் மெல்லிய டயரும் ஓடிவிடும், மழை பெய்த மறுநாள்தான் அது உங்களைச் சோதிக்கும். ஏறக்குறைய 240 மைல் நீளமுள்ள இப்பாதை, பழைய ரயில் தடத்தின் மீது நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி அமைக்கப்பட்டது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், ஆற்றை ஒட்டிய பகுதியில் ஏற்றம் இருப்பதே தெரியாது. காய்ந்திருக்கையில் இறுகிக் கிடக்கும் அந்தக் கல்தூள், ஈரம் பட்டதும் குழைந்து சங்கிலியில் அப்பிக்கொண்டு, மிதிக்கும்போதெல்லாம் நறநறவென்று அரைபடும். ஆகவே 40 மில்லிமீட்டர் அளவிலான டயர் பொருத்திய கிராவல் சைக்கிளையே வாடகைக்கு எடுங்கள். காற்றைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். மாலையில் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுவது அவசியம்.

இரண்டே நாள் என்றால் பாதையோரச் சிற்றூரான ரோச்போர்ட் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பேன். பழைய ரயில் சுரங்கத்தைக் கடந்ததும், ஒருபுறம் கலங்கிய ஆறும் மறுபுறம் சுண்ணாம்புப் பாறைச் சுவருமாகப் பாதை நீளும். ஊர்களுக்கிடையே கடைகள் அரிது. தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.