வாசகர் கேள்வி–பதில்: ஜாவா வலைச்செயலியை வழங்கியில் நிறுவுதல்

இம்முறை நீலகிரியிலிருந்து வந்த மூன்று கடிதங்களும் ஜாவா வலைச்செயலிகளைப் பற்றியவையாக இருப்பதால், அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். இவற்றில் வரும் டாம்கேட் என்பது ஜாவா வலைச்செயலிகளை இயக்கும் வழங்கி மென்பொருள்; வார் கோப்பு என்பது செயலி முழுவதையும் அடக்கிய ஒரே பொதி.

கேள்வி: எங்கள் சங்கத்தில் சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையை நாள்தோறும் பதிந்து, மாத இறுதியில் அவரவருக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிட ஒரு ஜாவா செயலி வைத்திருக்கிறோம். உபுண்டு 22.04 இயங்கிய பழைய கணினி பழுதாகிவிட்டது. 24.04 நிறுவிய புதிய கணினியில் டாம்கேட்டை ஏற்றி, பழைய வார் கோப்பை அப்படியே வெப்ஆப்ஸ் அடைவில் வைத்தேன். முகப்புப் பக்கம் திறக்கிறது. கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைய முயன்றால் 404 என்கிறது. பதிவுக் கோப்பில் பிழை எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார். என்ன செய்வது?
— வாசகி, கோத்தகிரி

பதில்: நீங்கள் தவறாக எதையும் செய்துவிடவில்லை. உபுண்டு 22.04இன் தொகுப்புக் களஞ்சியத்தில் இருந்தது டாம்கேட் 9; 24.04இல் கிடைப்பது டாம்கேட் 10. இந்த இரண்டுக்கும் இடையில் ஜாவா உலகில் ஒரு பெயர்மாற்றம் நடந்தது. 2017இல் ஆரக்கிள் நிறுவனம், இத்தகைய செயலிகளுக்கு அடித்தளமான ஜாவா இஇ தொழில்நுட்பத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு மாற்றித் தர முடிவு செய்தபோது, ‘ஜாவா’ என்ற வணிகப் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய நிரல் தொகுதிகளை அதே பெயரில் தொடர்ந்து வளர்க்க வழியில்லாமல், 2020இல் வெளிவந்த ஜகார்த்தா இஇ 9இல் அவை ‘ஜகார்த்தா’ என்று பெயர் மாற்றப்பட்டன. டாம்கேட் 9 பழைய பெயரை மட்டுமே அறியும். 10 புதிய பெயரை மட்டுமே அறியும்.

பிழைச் செய்தி வராததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். உங்கள் செயலியின் சர்வ்லெட்டுகள், அதாவது உலாவியின் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல் பகுதிகள், நிரலுக்குள்ளேயே குறிப்புரை (annotation) வழியாக அறிவிக்கப்பட்டிருந்தால், அந்தக் குறிப்புரைகளின் பெயர் பழையது என்பதால் டாம்கேட் 10 அவற்றைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடும். முகப்புப் பக்கம் வெறும் எச்டிஎம்எல் கோப்பாகையால் அது திறக்கிறது; உள்நுழைவைக் கவனிக்க வேண்டிய சர்வ்லெட் பதிவாகவே இல்லை, எனவே ‘பக்கம் இல்லை’ என்று பொருள்படும் 404. அதே சர்வ்லெட்டுகள் வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் அறிவிக்கப்பட்டிருந்தால் பதிவுக் கோப்பு முழுவதும் பிழையாகக் கொட்டியிருக்கும். அதையாவது பார்த்துப் புரிந்துகொள்ளலாம். இப்படி அமைதியாகத் தோற்பதுதான் ஆளைச் சோர்வடையச் செய்கிறது.

மாதக் கணக்கு முடிக்க வேண்டிய நெருக்கடி இருக்குமானால், உடனடி வழி, டாம்கேட்டை வெளியிடும் அப்பாச்சியின் தளத்திலிருந்து டாம்கேட் 9ஐ இறக்கித் தனி அடைவில் நிறுவுவது. உபுண்டு 24.04இன் இயல்பான ஜாவா 21. உங்கள் பழைய கணினியில் அநேகமாக 11 இருந்திருக்கும். அந்தப் பதிப்பையும் களஞ்சியத்திலிருந்து நிறுவி, எந்த ஜாவாவைப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஜாவா ஹோம் மாறியை அதற்குத் திருப்பிவிட்டால், செயலிக்குப் பழைய வீடு அப்படியே கிடைத்துவிடும். இரண்டு டாம்கேட்டும் 8080 என்ற ஒரே பிணைய வாயிலுக்குப் (port) போட்டியிடாதபடி 10ஐ நிறுத்தி, கணினி எழும்போது அது தானாக இயங்காதபடியும் செய்துவிடுங்கள்.

மற்றொரு வழி, பழைய பெயர்களைப் புதியவையாக மாற்றித் தரும் கருவி. அப்பாச்சி தளத்து டாம்கேட் 10இல், வெப்ஆப்ஸ் அடைவுக்குப் பக்கத்தில் ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ’ என்றோர் அடைவை உருவாக்கிப் பழைய வார் கோப்பை அதில் வைத்தால், அதுவே பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸ் அடைவில் நிறுவிக்கொள்ளும். பெரும்பாலான செயலிகளுக்கு இது போதும். ஆனாலும் விவசாயிகளின் பணம் சம்பந்தப்பட்டது என்பதால், தரவுத்தளத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, சென்ற மாதத்துக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்து, பழைய பட்டியலோடு ஒவ்வொரு தொகையும் ஒத்துப்போன பிறகே அதை நம்புங்கள்.

இன்னும் ஒரு தடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உபுண்டு தொகுப்பாக வரும் டாம்கேட், பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் காவலின் கீழ் இயங்குகிறது. வெப்ஆப்ஸ், பதிவுகள் போன்ற சில அடைவுகளைத் தவிர வேறெங்கும் அதனால் எழுத முடியாது. உங்கள் செயலி எடைச் சீட்டுகளை வேறோர் அடைவில் சேமிப்பதாக இருந்தால், கோப்புரிமைகளை எவ்வளவு தாராளமாக்கினாலும் ‘படிக்க மட்டுமே’ என்ற மறுப்பே வரும். அந்த அடைவைச் சேவைக் கோப்பின் ‘ரீட்ரைட்பாத்ஸ்’ வரியில் சேர்த்து மீண்டும் தொடங்க வேண்டும். உரிமைகளை எல்லோருக்கும் திறந்துவிடுவது தீர்வும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

தரவுத்தளத்தின் கடவுச்சொல் வார் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அதை வெளியே எடுத்து, கான்ஃப் அடைவின் கீழுள்ள ‘கேட்டலினா/லோக்கல்ஹோஸ்ட்’ அடைவில், செயலியின் பெயரிலேயே அமைந்த எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிவைப்பது நல்லது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் வார் கோப்பைத் திறந்து திருத்த வேண்டியிராது. அந்தக் கோப்பின் நகலைத் தனியே வையுங்கள். வார் கோப்பை அழிக்கும்போது டாம்கேட் இதையும் சேர்த்து அழித்துவிடக்கூடும்.

எழுதியவருக்கு இன்றே கடிதம் போட்டு மூல நிரலைக் கேட்டு வாங்குங்கள். பலருடைய உழைப்பின் கணக்கு ஓடும் நிரல் ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். இனிமேல் செயலி எழுத யாரை அமர்த்தினாலும், மூல நிரல் சங்கத்துக்கு உரியது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் படிப்பகத்தின் உறுப்பினர் பதிவுச் செயலி ஜாவா 11இல் இயங்குகிறது. டாம்கேட்டை நான் கையால் தொடங்கினால் ரசீதில் தமிழ்ப் பெயர்கள் சரியாக அச்சாகின்றன. மழைக்காலத்தில் மின்சாரம் நின்று வந்து, கணினி தானாக எழுந்தால் மட்டும் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடுகின்றன.
— வாசகர், கூடலூர்

பதில்: ‘கையால் தொடங்கினால் சரி’ என்ற உங்கள் குறிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையான குறியாக்கம் எது என்று நிரல் வெளிப்படையாகச் சொல்லாத இடங்களில், ஜாவா 17 வரையிலான பதிப்புகள் இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவு செய்யும். நீங்கள் உள்நுழைந்து தொடங்கும்போது தமிழையும் தாங்கும் உங்கள் யுடிஎஃப்-8 அமைப்பு அதற்குக் கிடைக்கிறது. கணினி எழும்போது பின்னணிச் சேவையாகத் தொடங்கினால் அந்த அமைப்பு வராமல் போகலாம். அப்போது ஜாவா, ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்த ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போடுகிறது. ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8தான் இயல்பு என்றாகிவிட்டது. நீங்கள் 11இலேயே இருப்பதால், டாம்கேட்டின் ‘பின்’ (bin) அடைவில் ‘செட்என்வி’ கோப்பை உருவாக்கி, கேட்டலினா ஆப்ட்ஸ் மாறியில் ஃபைல்.என்கோடிங் மதிப்பை யுடிஎஃப்-8 என்று கொடுங்கள்.

அதற்கு முன் தரவுத்தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பெயர்கள் தமிழிலேயே இருந்தால் கெட்டது அச்சு மட்டும்தான். மேலே சொன்ன திருத்தம் போதும். அங்கேயே கேள்விக்குறிகள் இருந்தால், அந்தப் பெயர்கள் போனவை போனவையே; காப்பு நகலிலிருந்தோ காகிதப் பதிவேட்டிலிருந்தோ மறுபடி உள்ளிட வேண்டும். குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள். அவை வேறு குறியாக்கமாகப் படிக்கப்படுவதால் அப்படித் தோன்றுகின்றன, பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கேள்வி: தினமும் காலையில் முதல் பதிவு மட்டும் ‘தரவுத்தளத் தொடர்பு அறுந்தது’ என்று தோற்கிறது. இரண்டாம் முறை சரியாகிவிடுகிறது. காலையில் ஒரு வெற்றுப் பதிவைப் போட்டுச் சமாளிக்கிறோம்.
— வாசகர், மஞ்சூர்

பதில்: 28,800 விநாடிகள், அதாவது 8 மணி நேரம், பயன்படாமல் கிடக்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இயல்பாகத் தானே துண்டித்துவிடும்; உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மாலையில் அலுவலகத்தைப் பூட்டிக் காலையில் திறப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது. மறுபடி பயன்படுத்த டாம்கேட் திறந்தே வைத்திருக்கும் இணைப்புக் கையிருப்பிலோ அறுந்த இணைப்பே இருக்கிறது. இணைப்பை எடுத்துக் கொடுக்கும் முன் சோதிக்கச் சொல்லும் ‘டெஸ்ட்ஆன்பாரோ’ அமைப்பை இயக்கி, சோதனை வினவலாக ‘செலக்ட் 1’ என்று கொடுங்கள். டாம்கேட்டின் சொந்த ஜேடிபிசி இணைப்புக் கையிருப்பில் இந்தச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் காத்திருப்பு நேரத்தை நாள் கணக்கில் நீட்டச் சிலர் சொல்வார்கள். தொடர்பு அறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

திருத்தம் பலித்ததா என்று அறிய மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம். அந்தக் காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் ‘வெயிட் டைம்அவுட்’ மதிப்பைத் தற்காலிகமாக 60 விநாடிகளாக்கி, டாம்கேட்டை மீண்டும் தொடங்கி, ஒரு பதிவு போட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து அடுத்த பதிவைப் போடுங்கள். அது தோற்காமல் ஏறினால் பழைய மதிப்பைத் திரும்ப வைத்துவிட்டு, காலை வெற்றுப் பதிவுகளைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.