அடுப்படிக் கேள்விகள்: ரெகுலேட்டர் ஏன் முனகுகிறது?

சேலத்தில் 30 வருடம் கேஸ் அடுப்பு பழுது பார்த்து, ரெகுலேட்டர் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணா, வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் இருக்கிறோம். போன வாரம் புது சிலிண்டர் மாட்டியதிலிருந்து ரெகுலேட்டர் 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டே இருக்கிறது. இரண்டு அடுப்பையும் பெரிதாக எரியவிட்டால்தான் சத்தம். ஒன்றை அணைத்தால் நின்றுவிடுகிறது. வாசனை எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுகிறார், கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கழற்றி எண்ணெய் விடச் சொல்கிறார். விடலாமா? (வாசகி, ஏற்காடு)

பதில்: எண்ணெய் வேண்டாம் தங்கச்சி. கரண்டியையும் வீட்டுக்காரர் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி கொடுத்தது 'ஒன்றை அணைத்தால் நின்றுவிடுகிறது' என்ற வரிதான். கேஸ் ஓடும்போது மட்டும் வரும் சத்தம் வேறு, அடுப்பு அணைந்திருக்கும்போதும் வரும் சத்தம் வேறு.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். அடுப்பின் இரண்டு திருகையும் மூடுங்கள். ரெகுலேட்டர் திறந்தே இருக்கட்டும். மிக்ஸி, ரேடியோ எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்து, சிலிண்டர் பக்கம் குனிந்து ஒரு நிமிடம் காது கொடுங்கள். எங்கிருந்தாவது 'உஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால் அது கசிவு. ரெகுலேட்டரை உடனே மூடிவிட்டு, அதைக் கழற்றி, சிலிண்டர் கழுத்தில் நூலில் தொங்கும் வெள்ளை மூடியை வால்வு மேல் வைத்து அழுத்துங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறக்க வேண்டும். லைட் ஸ்விட்ச்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே போய் நின்றுகொண்டு 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் எண் அது. மூடி போட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் அங்கே நின்று வேறு எதையும் முயல வேண்டாம், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுங்கள். ஏற்காட்டுக் குளிருக்கு ஜன்னலை இறுக மூடி வைக்கும் பழக்கம் உங்கள் பக்கம் உண்டு. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தேங்கும். நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு எட்டும் முன்பே மேடைக்கு அடியில் சேர்ந்திருக்கும்.

அமைதியாக இருந்தால், இனி உங்கள் முனகலுக்கு வருவோம்.

ரெகுலேட்டருக்குள் ஒரு சின்ன அப்பளம் அளவுக்கு ரப்பர் தகடு இருக்கிறது. டயாஃபிரம் என்போம். அதன் மேல் ஒரு ஸ்பிரிங். சிலிண்டருக்குள் கேஸ் சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ அழுத்தத்தில் அடைந்து கிடக்கிறது. வீட்டு அடுப்புக்கு வேண்டியதோ வெறும் 30 கிராம். அத்தனை அழுத்தத்தையும் பிடித்து நிறுத்தி, வேண்டிய அளவு மட்டும் விடுவது அந்த ரப்பரும் ஸ்பிரிங்கும்தான். கேஸ் வேகமாகப் போகும்போது, ஊதினால் நாதஸ்வரத்தின் சீவாளி அதிர்வதுபோல ரப்பர் அதிரும். அதுதான் உங்களுக்குக் கேட்கும் முனகல். தட்டினால் அதிர்வு ஒரு கணம் தடுமாறி நிற்கும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே ஒன்றும் சரியாகியிருக்காது.

புது சிலிண்டர் மாட்டியதும் ஆரம்பித்தது என்கிறீர்கள். ரெகுலேட்டர் வால்வில் சரியாக உட்காராமல் இருக்கலாம். அடுப்பை அணையுங்கள், சாமி விளக்கையும் ஊதுபத்தியையும் கூட அணைத்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வின் வாய்க்குள் பாருங்கள். கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர் தெரியும். அது கிழிந்திருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ அந்தச் சிலிண்டரைத் தொடாதீர்கள், மூடி போட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் ரெகுலேட்டரின் கறுப்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து, நேராக வைத்து, வளையத்தைக் கீழே அழுத்துங்கள். 'டக்' என்று கேட்க வேண்டும். அப்புறம் திருகை முழுக்கத் திறங்கள். பாதியில் நிறுத்தி வைத்தாலும் சத்தம் வரும். ட்யூப் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. ஏஜென்சி கொடுக்கும் ஆரஞ்சு ட்யூப்பாக இல்லாமல், வெளியே வாங்கிய நெளிநெளியான ஸ்டீல் குழாயாக இருந்தால் அந்தக் குழாயே ஊளையிடும். ரெகுலேட்டர் மேல் பழி போடுவதற்கு முன் அதை மாற்றுங்கள். ஆரஞ்சு ட்யூப்புக்கும் ஆயுள் 5 வருடம்தான்.

இவ்வளவு செய்தும் முனகினால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதுதான். கேஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஏஜென்சிக்கே போங்கள். கடைத்தெருவில் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டாதீர்கள். மாற்றும்வரை ஒரே அடுப்பை எரிய விடுங்கள், இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள். தீ வழக்கத்தைவிட உயரமாகவோ மஞ்சளாகவோ எழும்பினால், அல்லது பர்னரை விட்டு விலகி எரிந்தால், மாற்றும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே மூடிவிடுங்கள்.

எண்ணெய் ஏன் கூடாது என்றால், ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். அதைவிட முக்கியம், ரெகுலேட்டரை வீட்டில் யாரும் பிரிக்கவே கூடாது. நானும் பிரித்ததில்லை, மாற்றித்தான் கொடுத்திருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது செவ்வாய்ப்பேட்டையில் பார்த்த ஒரு வீடு ஞாபகம் வருகிறது. முன்னால் கொலுசுப் பட்டறை, பின்னால் சமையல்கட்டு. அங்கேயும் இதே முனகல். ரெகுலேட்டர் முகத்தில் ஒரு பொட்டு ஓட்டை இருக்கும். சத்தம் அதன் வழியாகத்தான் வருகிறது என்று, கரண்ட் வேலைக்கு வைத்திருந்த கறுப்பு டேப்பை மூன்று சுற்று சுற்றி அடைத்திருந்தார்கள். சத்தம் குறைந்துவிட்டது. ஆனால் தீ தாறுமாறாக எழும்பி, பால் சட்டியின் கைப்பிடி உருகிப்போனதும் என்னைக் கூப்பிட்டார்கள். ரப்பர் மேலும் கீழும் அசைய அந்த ஓட்டை வழியாகக் காற்று போய்வர வேண்டும். அதை அடைத்தால் ரப்பரால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாது. டேப்பை உரிக்கும்போது அந்த வீட்டு அம்மாவின் கை நடுங்கியதை நான் மறக்கவில்லை. உங்கள் மலையில் குளவி வேறு மண்ணால் கூடு கட்டும், இந்த மாதிரி ஓட்டை அதற்கு ரொம்பப் பிடிக்கும். மண் அடைத்திருந்தால் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், ரப்பர் கிழியும். அப்படியே கொண்டுபோய் மாற்றுங்கள்.

கேள்வி: ஐயா, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறேன். 19 கிலோ சிலிண்டர், பெரிய பர்னர். மார்கழியில் மாலை ஆனால் சிலிண்டர் அடியில் வெள்ளையாக உறைபனி பிடிக்கிறது, தீ இறங்கிவிடுகிறது, ரெகுலேட்டரும் விட்டு விட்டுச் சீறுகிறது. அண்டாவில் கொதிநீர் ஊற்றி சிலிண்டரை அதில் வைக்கிறேன். தப்பா? (கடைக்காரர், ஏற்காடு)

பதில்: தப்புதான் தம்பி, இன்றே நிறுத்துங்கள். உங்கள் சிலிண்டரில் ரிப்பேர் ஒன்றும் இல்லை. உள்ளே திரவமாக இருப்பது ஆவியாக மாறித்தான் பர்னருக்கு வருகிறது. அதற்கு வேண்டிய சூட்டைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நீங்கள் இழுக்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாமல் குளிர்ந்து உறைகிறது. கேஸில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேனுக்குச் சுமார் பூஜ்ஜியம் டிகிரி வேண்டும். முதலில் புரொப்பேன் அதிகமாகப் போய்விடுவதால், சிலிண்டர் தீரும் சமயத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிப் பனியில், அது சோம்பித்தான் எழும்பும். கொதிநீர் ஊற்றினால் உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று உங்கள் கையில் இல்லை. இரண்டு சிலிண்டரை ஒரே லைனில் இணைத்துத் தரச் சொல்லி ஏஜென்சியில் கேளுங்கள். இழுப்பு இரண்டுக்கும் பிரிந்துவிடும், உறைவதும் குறையும், சீறலும் அடங்கும். இணைப்பை நீங்களாகச் செய்ய வேண்டாம். சிலிண்டரைப் படுக்க வைத்தால் கேஸ் நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், திரவமே பர்னருக்கு வந்துவிடும்.

கேள்வி: என் மாமியார் கேஸ் கசிகிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறார். 'நாற்பது வருஷமா இப்படித்தான் பார்க்கிறேன்' என்கிறார். எப்படிச் சொல்வது? (வாசகி, அம்மாப்பேட்டை)

பதில்: வாதம் பண்ண வேண்டாம் அம்மா. பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு கிண்ணம் தண்ணீரில் நுரைக்கக் கலக்கி, பழைய பிரஷ் ஒன்றையும் சேர்த்து அவர் கையிலேயே கொடுங்கள். ரெகுலேட்டர் வால்வில் உட்காரும் இடம், ட்யூப்பின் இரண்டு முனை, இந்த மூன்றிலும் தடவிவிட்டு அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் முகத்தில் இருக்கும் ஓட்டையில் மட்டும் படக்கூடாது. கசிந்தால் அந்த இடத்தில் முட்டை முட்டையாக நுரை கிளம்பும். தீக்குச்சி காட்டாத சின்னக் கசிவைக்கூட அது காட்டிவிடும். இரண்டு தடவை பார்த்துவிட்டார் என்றால், அடுத்த சிலிண்டர் வந்து இறங்கும்போது கிண்ணத்தை அவரே கேட்பார்.