ஆல்ஃபாவைக் கீழ வைங்க

கேள்வி: நண்பர்களோட ஆடுற ஃபேன்டஸி ரோல்பிளே கேமுக்காக ஓநாய் மாதிரி வாழுற ஒரு பழங்குடியை உருவாக்கிட்டிருக்கேன். ஆல்ஃபாதான் தலைவன், அவனைச் சண்டையில ஜெயிக்கிறவன் அடுத்த தலைவன். இவங்களுக்கு என்ன ஆயுதம், என்ன சடங்கு வைக்கலாம்?

பதில்: ஆயுதம் அப்புறம், முதல்ல அந்த ஆல்ஃபாவைக் கீழ வைங்க. இந்த வார்த்தையோட எனக்கு ரொம்ப நாள் பகை, இதே பக்கத்துல பலதடவை சண்டை போட்டிருக்கேன், இன்னமும் போடுவேன்.

1947ல ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர் சுவிட்சர்லாந்துல பாசெல் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வச்ச ஓநாய்களைப் பார்த்து எழுதினதுலதான், அடிச்சு ஜெயிக்கிறவன்தான் ஆல்ஃபாங்கிற இந்தப் பேச்சு கிளம்புச்சு. வெளிய போக வழியே இல்லாத இடத்துல யாரா இருந்தாலும் அடிச்சுக்கத்தான் செய்யும். 1970ல ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் எழுதின புத்தகம் அதை உலகம் பூரா பரப்புச்சு. அதே மெக், கனடாவோட எல்ஸ்மியர் தீவுல 13 கோடைக்காலம் காட்டு ஓநாய்களுக்குப் பக்கத்துலயே இருந்து பார்த்துட்டு, 1999ல கூட்டம்னா அது ஒரு குடும்பம், அம்மா அப்பா பிள்ளைங்க, அவ்வளவுதான்னு எழுதினார், தன்னோட பழைய புத்தகத்தை அச்சடிக்காதீங்கன்னு பதிப்பகத்துக்கிட்டயும் கேட்டார். அவர் மேல எனக்கு அவ்வளவு மரியாதை. நாம இன்னும் அவர் வேண்டாம்னு சொன்னதைப் பிடிச்சிட்டுத் தொங்குறோம்.

குடும்பம்னு வச்சுப் பாருங்க, சடங்கெல்லாம் தானா வரும். வேட்டையிலேர்ந்து திரும்புற ஓநாயோட வாயைக் குட்டிங்க நக்கும், உடனே அது வயித்துல இருக்கிற கறியைக் கக்கிக் கொடுக்கும். அப்போ உங்க ஆளுங்க வணக்கம் சொல்றதே எதிர்ல வர்றவர் தாடையைத் தொட்டுத்தான், சாப்டியான்னு கேக்குற மாதிரி. முக்கால்வாசி வேட்டை கையை விட்டுப் போயிரும், கிடைச்ச அன்னைக்கு ஒரே வேளையில ஒம்பது கிலோ வரைக்கும் தின்னும், அதனால விருந்தும் பட்டினியும் மாறி மாறி வர்ற காலண்டர் ஒண்ணு போடுங்க. பெரியவனானதுக்கு அடையாளம் அப்பனை அடிச்சு வீழ்த்துறது இல்ல, ஒண்ணுலேர்ந்து மூணு வயசுக்குள்ள ஜோடியும் நிலமும் தேடி வீட்டை விட்டுத் தனியா கிளம்புறது. உங்க கேம்ல ஊர் ஊரா அலையிற ஹீரோவே அவன்தான், இதை விட்டுட்டு எதுக்கு அரியணைச் சண்டை?

ஆயுதம் கேட்டீங்களே, ரொம்ப தூரம் ஓடித் துரத்துறவங்களுக்கு எறியீட்டி போதும், கோடாலியைத் தூக்கிட்டு யார் ஓடுறது. ஓநாய்த் தோல், பல்லு மாலையெல்லாம் போட்டாத்தான் அந்த இனம்னு காட்ட முடியும்னு நினைக்காதீங்க, அது வேஷம்தான்.

பதவிச் சண்டை இருந்தே ஆகணும்னா புள்ளிக் கழுதைப்புலிகிட்ட போங்க. அங்க தலைமை பொம்பளைங்களுக்கு, அம்மாவுக்கு அடுத்த இடம் பொண்ணுக்கு, பையன் வளர்ந்ததும் வேற கூட்டம் தேடிப் போயிருவான். இன்னொண்ணு, பொண்ணுங்கள்ல கடைசியாப் பொறந்தவளுக்குத்தான் மேல் இடம், ஏன்னா அம்மா அவ பக்கம் நிக்கிறா. புதுசா ஒரு தங்கச்சி பொறந்தா அக்காங்க எல்லாரும் ஒரு படி கீழ இறங்கணும். இதை மனுஷங்ககிட்ட கொண்டு வந்து வைங்க. பத்து வருஷம் அம்மா கூடவே போருக்குப் போன மூத்த பொண்ணு, கூடாரத்துக்கு வெளிய ஈட்டியை ஊனிட்டு உக்காந்திருக்கா, உள்ள அம்மாவுக்குப் பிரசவ வலி, ஒரு குழந்தை அழுகுது, பொண்ணுன்னு உள்ளேயிருந்து குரல் வருது. அவ அடுத்து என்ன செஞ்சான்னு ஆடி முடிச்சதும் எனக்கு எழுதுங்க.