கம்ப்ரஸர் டேங்க்கைத் திறக்கும்போது வரும் சத்தத்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி: வீட்டில் 50 லிட்டர் ஏர் கம்ப்ரஸர் இருக்கிறது. டேங்க்கில் சேரும் தண்ணீரை அடியில் திறந்துவிடும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறது. சத்தத்தைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, பெரிய செலவும் இல்லை. மீட்டரில் அழுத்தம் 8 பார் (அழுத்தத்தின் அளவு) நிற்கும்போதே அடித் திருகைத் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் கதவு, கட்டிலுக்கு ஸ்ப்ரே பாலிஷ் அடிக்கிறேன். வேலை முடிய ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். ஒரு நாள் அந்த அடித் திருகைத் திறந்ததும் சீறிய சீறலில், பக்கத்து வீட்டுப் பாட்டி டார்ச்சும் கம்புமாக வந்து நின்றார். "மக்ளே, பாம்பா?" என்றார். "இல்ல பாட்டி, காத்து." "காத்துக்கு ஏன் இவ்ளோ கோவம்?"

அந்த வெட்கத்தில் திறப்பதையே நிறுத்திவிட்டேன். சத்தத்தைவிடப் பெரிய தப்பு அதுதான். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. காற்று காய்வதற்கே நேரமில்லை. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். அந்தக் காற்றை 8 பாருக்கு அழுத்தி ஆறவிட்டால் மூன்றரை கிராம் அளவுக்குத்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராகிவிடும். நாள் முழுக்க மெஷின் ஓடினால் தம்ளர் கணக்கில் சேரும். இரண்டு மாதம் கழித்து நான் அடித்த பாலிஷில் வெள்ளை படர்ந்து, புள்ளி புள்ளியாகத் தண்ணீர் தெறித்தது. அடியைத் திறந்தால் கட்டன் சாயா நிறத்தில் துருத்தண்ணீர். உள்ளே துரு தின்று தகடு மெலிந்தால் என்றாவது டேங்க் வெடிக்கவும் கூடும். அதனால் சத்தத்துக்குப் பயந்து திறக்காமல் மட்டும் விடாதீர்கள்.

சரி, சத்தத்துக்கு வருவோம். சீறுவது தண்ணீர் இல்லை, அதன் பின்னால் வரும் காற்று. டேங்க்கில் ஏறத்தாழ 0.9 பாருக்கு மேல் இருக்கும்வரை, அந்தச் சின்னத் துவாரத்தில் காற்று ஒலியின் வேகத்திலேயே வெளியேறுகிறது. அதற்குக் கீழே இறங்கினால் வேகம் குறையும், சத்தம் சட்டென்று அடங்கிவிடும். தண்ணீரைத் தள்ளிவிட அரை பாரே தாராளம்.

ஆகவே காற்றை மேல் வழியாகவும் தண்ணீரை அடி வழியாகவும் தனித்தனியே விடுங்கள். காற்று எடுக்கும் அவுட்லெட்டில் 'டீ' எனும் மூன்று வழி இணைப்பு ஒன்றைப் போட்டு, கால் இன்ச் பித்தளை பால் வால்வும் (உள்ளே உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) அதன் முனையில் வெண்கல சைலன்ஸரும் மாட்டினேன். சைலன்ஸர் என்பது பொடி வெண்கலத்தை அழுத்திச் செய்த விரல் நீளக் குமிழ். நியூமேட்டிக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். வேலை முடிந்ததும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கி, விடிய விடிய நிரப்பிக்கொண்டிருக்கும். பிறகு மேல் வால்வைக் கொஞ்சமாகத் திறந்தால் காற்று பெருமூச்சு மாதிரி போகும். மீட்டர் அரை பாருக்கு வந்ததும் அடித் திருகைத் திறக்க வேண்டியதுதான்.

அதே சைலன்ஸரை அடியில் மாட்டலாமே என்று தோன்றும். நான் மாட்டினேன். இரண்டே வாரத்தில் துருவும் எண்ணெயும் அடைத்து அமைதியோ அமைதி. டேங்க் காலி என்று நினைத்துக் கழற்றப் போனவன் தற்செயலாக மீட்டரைப் பார்த்தேன்: 4 பார்! அன்றிலிருந்து காதை நம்புவதில்லை, முள்ளைத்தான் நம்புகிறேன். அதற்கு முன்னால் பழைய துணியைச் சுற்றிக் கட்டிப் பார்த்ததும் உண்டு. துணி பறந்துபோய், துருத்தண்ணீர் முழுவதும் என் சாரத்தில் (லுங்கியில்).

இன்னும் அடக்க வேண்டுமென்றால் அடியில் முழங்கை (வளைவு இணைப்பு), குட்டை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், பால் வால்வு என்று வெளிப்பக்கம் கொண்டுவந்து, வால்வுக்குப் பிறகு ஓர் ஓஸ் மாட்டுங்கள். (டேங்க்கை முழுக்கக் காலி செய்த பிறகே அடித் திருகைக் கழற்ற வேண்டும். வால்வுக்கு முன்னால் பிவிசி வேண்டவே வேண்டாம், உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும்.) ஓஸின் மறுமுனை 20 லிட்டர் பெயின்ட் வாளிக்குள் போகட்டும். வாளி நிறையத் தேங்காய்த் தும்பு, மூடியில் பதினைந்து இருபது பெரிய ஓட்டை. நம்மூரில் தும்புக்கா பஞ்சம்? முனையை வாளியோடு இறுகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சாட்டையாகச் சுழலும். வாளியைக் காற்றுப் புகாமல் மூடிவிடவும் கூடாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அதனால் ஓஸை நீளமாக வாங்கி, வாளியைப் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள்.

வாளியில் சேரும் தண்ணீரில் கம்ப்ரஸர் எண்ணெய் கலந்திருக்கும். கிணற்றடியிலோ தென்னை மூட்டிலோ ஊற்ற வேண்டாம். கேனில் சேர்த்து, பழைய எஞ்சின் ஆயில் எடுக்கும் ஒர்க் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், மோட்டார் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் வரும் சின்ன 'புஸ்' வேறு விஷயம். அடுத்த முறை மோட்டார் லேசாகக் கிளம்பட்டும் என்று பிரஷர் சுவிட்ச் பம்ப்பின் அழுத்தத்தை விடுகிற சத்தம் அது. அதை அடைக்கப் போகாதீர்கள்.